அபுதாபி வழி சிகாகோ: இமிகிரேஷனில் போன், லேப்டாப்பைத் திறக்கச் சொன்னால்?

பொள்ளாச்சி ரகு (8 டிசம்பர் 2025)

டிசம்பர் 27 சென்னையிலிருந்து அபுதாபி வழியா சிகாகோ. எனக்கு எச்1பி, முத்திரை 2027 வரைக்கும் செல்லும். மனைவிக்கு எச்4 (எச்1பிகாரரோட குடும்பத்துக்கான விசா). கூட வர்ற அம்மாவுக்கு பி2 (சுற்றுலா விசா). கையில என் ஐபோன், மனைவியோட சாம்சங், அம்மாவோட பழைய ரெட்மி, கம்பெனி கொடுத்த விண்டோஸ் லேப்டாப்.

பாஸ்வேர்டு கேட்டா கொடுத்தே ஆகணுமா? கொடுக்கலைன்னா என்ன ஆகும்? கிளம்புறதுக்கு முன்னாடி போனை ரீசெட் பண்ணிட்டு அங்க போய் ரீஸ்டோர் பண்றது சரியா? கம்பெனி லேப்டாப்பைத் திறக்கச் சொன்னா யாரைக் கேக்கணும்? அம்மா போன்ல குடும்பம், கோயில், கட்சின்னு ஏகப்பட்ட குரூப். அதுல என்ன வந்து விழுதுன்னு அவங்களுக்கே தெரியாது. எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டுப் போங்கன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுப் படம், பேங்க் கணக்கு எல்லாத்தையும் முன்னபின்ன தெரியாத ஒருத்தர் புரட்டுறதுல விருப்பமில்ல.

கரிசல்

முதலில் பயத்தின் அளவைச் சரி செய்துகொள்ளுங்கள். 2024 நிதியாண்டில் சிபிபி, அதாவது அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை சோதித்த கருவிகள் 47,047. ஏறத்தாழ பத்தாயிரம் பயணிகளுக்கு ஒன்று. அதில் 42,725 வெறுமனே கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவை. மீதி 4,322இல்தான் வெளிக்கருவியை மாட்டித் தகவலை நகலெடுத்தோ ஆராய்ந்தோ பார்த்தார்கள். 2015இல் மொத்தமே 8,503 என்பதால் போக்கு ஏறுமுகம்தான். ஆனாலும் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் நடப்பதல்ல.

இந்த இரண்டு வகைக்கும் விதி வேறு. 2018 ஜனவரி 4 தேதியிட்ட 3340-049ஏ என்கிற கட்டளைப்படி, கையால் புரட்டுவதற்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. வெளிக்கருவியை மாட்டுவதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். அமெரிக்க அரசுப் பதவி வரிசையில் கிரேடு 14க்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இரண்டிலும் போனின் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். போனுக்குள் இருப்பதைப் பார்க்கலாம், கிளவுடில் மட்டும் இருப்பதை இழுத்துப் பார்க்கக் கூடாது.

பாஸ்வேர்டு விஷயம் நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் குடிமகன் மறுத்தால் போனைப் பிடித்து வைக்கலாம், நேரத்தை இழுக்கலாம். நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது. கிரீன் கார்டுக்காரரை இதற்காக மட்டும் திருப்பி அனுப்பிவிட முடியாது, ஆனால் நெருக்குவார்கள். அந்த நேரத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடக் கூடாது. அது கிரீன் கார்டை நீங்களே விட்டுக்கொடுக்கும் படிவம். எச்1பி, எச்4, பி2, எஃப்1 (மாணவர் விசா) எல்லோரும் மூன்றாம் வகை. மறுத்ததற்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. ஆனால் உள்ளே விடலாமா என்பது அந்த அதிகாரியின் கையில். அவர் விசாவை ரத்து செய்தால், அந்த நொடியிலேயே நீங்கள் செல்லுபடியாகும் விசா இல்லாதவர். விசா இல்லாதவரை நீதிபதி முன் நிறுத்தாமலே வெளியேற்றும் உத்தரவு போடலாம், அது 5 ஆண்டுத் தடையோடு வரும். அந்த நிலைக்குப் போய்விட்டால், நுழைவு விண்ணப்பத்தை நானே திரும்பப் பெறுகிறேன் என்று கேளுங்கள். ஒப்புவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஒப்பினால் 5 ஆண்டுத் தடை கிடையாது.

‘கோர்ட் வாரண்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டதே’ என்று யாராவது வரும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். 2024 ஜூலையில் நியூயார்க் கிழக்கு மாவட்ட நீதிமன்றம், ஜேஎஃப்கே விமான நிலையத்தில் நடந்த ஒரு சோதனை பற்றி அப்படிச் சொன்னது உண்மை. அதே தீர்ப்பில், அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்று சொல்லி அந்த ஆதாரத்தை விலக்கவும் மறுத்துவிட்டது. பாஸ்டன் பக்கத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் வாரண்ட் தேவையில்லை என்றது. அட்லாண்டா பக்கம் 2018இல் சந்தேகம்கூட வேண்டாம் என்றது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கம் 2019இல் சட்டவிரோதச் சரக்கு போனுக்குள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் தேடலாம் என்று குறுக்கியது. இவையெல்லாம் குற்ற வழக்கில் ஆதாரத்தை விலக்கும் வாதத்துக்கு உதவும். விசாவோடு கவுண்டரில் நிற்பவருக்கு உதவாது.

ஆகவே கொடுப்பதா மறுப்பதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். எச்1பி குடும்பத்துக்கு என் கருத்து: கேட்டால் நீங்களே திறந்து கொடுங்கள், திறந்தால் பெரிதாக எதுவும் கிடைக்காத போனைக் கொண்டு போங்கள். பொய் மட்டும் வேண்டாம். இந்தப் போன் என்னுடையது இல்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, இன்ஸ்டாகிராமே கிடையாது என்பதெல்லாம் தவறான தகவல் கொடுத்த கணக்கில் போகும். அதற்கு வாழ்நாள் தடைவரை உண்டு. கிளம்பும் முன் உங்கள் டிஎஸ்-160 (விசா விண்ணப்பப் படிவம்) நகலை எடுத்துப் பாருங்கள். 2019இலிருந்து அதில் 5 ஆண்டு சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். அதில் எழுதாத கணக்கு போனில் லாகின் ஆகியிருந்தால், கேள்வி வர அதுவே போதும்.

பூட்டுச்சாவி

சட்டம் கரிசல் சொல்லிட்டார். நான் கருவிப் பக்கம் மட்டும்.

ஏரோபிளேன் மோடில் போட்டா கிளவுட் தெரியாது, ஆனா ஏற்கெனவே இறங்கினது எல்லாம் தெரியும். ஜிமெயிலில் சமீபத்திய மெயில்கள், வாட்ஸப்பில் முழு உரையாடலும், டிரைவில் ஆஃப்லைன்னு குறிச்ச கோப்பு, பிரவுசர் ஹிஸ்டரி எல்லாமே போனுக்குள்ள உக்காந்திருக்கும். அதனால தேவையில்லாத ஆப்பை அன்இன்ஸ்டால் பண்றதுதான் வழி. சும்மா லாக் அவுட் பண்ணினா சில ஆப் தரவை விட்டுட்டுப் போகும்.

அடுத்தது, கவுண்டருக்குப் போறதுக்கு முன்னாடி போனை முழுசா ஆஃப் பண்ணுங்க. லாக் பண்றது போதாது. ஆன் பண்ணி ஒருமுறை திறந்த போனில் பூட்டைத் திறக்கிற சாவி மெமரியிலேயே கிடக்கும். செல்பிரைட், கிரேகீ மாதிரி, பூட்டின போனை உடைச்சுத் திறக்கிற கருவிகளுக்கு அந்த நிலையில இருக்கிற போன் எளிது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, இன்னும் பாஸ்கோடு போடாத போனில் அந்தச் சாவி இருக்காது, முகமோ விரலோ வெச்சும் திறக்காது. ஆஃப் பண்ண நேரமில்லைன்னா ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிங்க; ஸ்லைடர் வந்ததும் ஃபேஸ் ஐடி நின்னுடும். சாம்சங்கில் லாக் ஸ்கிரீன் செட்டிங்ல லாக்டவுன் (முகம், விரல் வெச்சுத் திறக்கிறதை நிறுத்துறது) விருப்பத்தை முதல்லயே ஆன் பண்ணி வைக்கணும், அப்பதான் பவர் மெனுவில் வரும். 4 இலக்க பின் வெச்சிருந்தா எழுத்தும் எண்ணும் கலந்ததா மாத்துங்க.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு. ஐ-797 (எச்1பி ஒப்புதல் தாள்), சம்பளச் சீட்டு, ஓட்டல் புக்கிங்னு எல்லாத்தையும் போனில வெச்சுக்கிட்டு, அதிகாரி கேட்டதும் திறந்து நீட்டுவாங்க. திறந்த போனை நீங்களா அவர் கையில கொடுத்தாச்சு, அப்புறம் என்ன பாஸ்கோடு? எல்லாத்தையும் பேப்பரில் பிரிண்ட் எடுங்க. வீட்டு விலாசம், சிகாகோவில் கூப்பிட வேண்டிய ரெண்டு நம்பர், போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐ (*#06# அடிச்சா வரும்) எல்லாம் அதே ஃபைலில் இருக்கட்டும்.

லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு மூடி எடுத்துட்டுப் போகாதீங்க. ஷிப்ட் விசையை அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க, இல்லைன்னா விண்டோஸ் பாதி ஹைபர்னேட்டில் நிக்கும். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டுற பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைப் பையில வைக்காதீங்க.

தாமிரபரணி76

முழு ரீசெட்டைப் பரிந்துரைக்கிறவர்கள் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

ஜிபே, போன்பே, பேங்க் ஆப் எல்லாம் சிம்மோடு கட்டிப்போட்டவை. ரீசெட் செய்த போனில் மறுபடி பதிவு செய்ய, பதிவான இந்திய எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். ரோமிங் இல்லாத சிம் சிகாகோவில் செத்த சிம். வாட்ஸப் இந்திய எண்ணில் இருந்தால் ஓடிபியும் வராது. ஐபோனை அழிக்கும்போது இ-சிம்மை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அழித்துவிட்டால் வெளிநாட்டிலிருந்து புது இ-சிம் வாங்குவது பெரும் அலைச்சல். வாட்ஸப் பேக்கப்புக்கு என்கிரிப்ஷன் போட்டு 64 இலக்கச் சாவியைத் தொலைத்தால் வாட்ஸப்பாலும் மீட்டுத் தர முடியாது. ஆண்ட்ராய்டில் அந்த பேக்கப் கூகுளின் 15 ஜிபி இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதையும் பாருங்கள், பாதியில் நின்றது தெரியாமலே அழித்துவிடுவோம்.

இன்னொன்று, துடைத்து வைத்த மாதிரி காலியான போன் சட்டவிரோதம் இல்லை, ஆனால் கண்ணை உறுத்தும். நான் சொல்வது நடுவழி. பேங்க் ஆப்கள் இருக்கட்டும். பழைய படங்களை இப்போதே கிளவுடிலோ வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலோ ஏற்றிவிட்டு, போனில் கடைசி சில வாரத்துப் படம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஐபோனில் அழித்த படம் 30 நாளாவது உள்ளேயே கிடக்கும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஜிமெயிலில் 30 நாள்.

கடைசி ராத்திரி டெலிட்தான் இருப்பதிலேயே மோசம். 2025 மார்ச்சில் எச்1பி விசாவோடு பாஸ்டனில் இறங்கிய லெபனான் மருத்துவர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் போனில் அழித்த படங்கள் கிடக்கும் பகுதியில் ஹிஸ்புல்லா தலைவரின் படங்கள் இருந்ததாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. படம் ஏன் இருந்தது என்பதோடு, ஏன் அழித்தீர்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அதிகாரி போனைக் கேட்ட பிறகு அழிப்பது இன்னும் ஒரு படி மேலே: கைப்பற்றுவதைத் தடுக்கப் பொருளை அழித்ததாக அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18ஆம் தலைப்பின் 2232ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. தவறான பின் போட்டால் தானாக அழியும் வசதியெல்லாம் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பொள்ளாச்சி ரகு

ரொம்ப நன்றி. ரீசெட் யோசனையை விட்டாச்சு. ரெண்டு கேள்வி பாக்கி. அபுதாபியிலேயே அமெரிக்க இமிகிரேஷன் முடிஞ்சிடும்னு டிக்கெட் எடுத்த இடத்துல சொன்னாங்க. அப்போ சோதனை எங்க நடக்கும்? அம்மா போனை என்னதான் பண்றது?

வேம்படி

அம்மா போனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, இப்பவே ஆரம்பிங்க. வாட்ஸப் செட்டிங்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய், மீடியா தானா இறங்குறதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுலயும் நிறுத்துங்க. சாட்ஸ் பகுதியில மீடியா விசிபிலிட்டியை ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா குரூப்ல எவனோ போட்ட வெட்டுக்குத்து வீடியோ அம்மா கேலரியில பேரன் படத்துக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். தேவையில்லாத குரூப்ல இருந்து விலகிட்டு, அந்தச் சாட்டையும் நீக்குங்க. ரெட்மியில செகண்ட் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல எதையாவது ஒளிச்சு வைக்கிற வேலையே வேண்டாம். கண்டுபிடிச்சா அதுக்கு விளக்கம் சொல்லி மாளாது.

பி2வில வர்றவங்க போனில அவங்க தேடுறது பெரும்பாலும் ரெண்டுதான்: இங்க வேலை செய்ய வர்றாங்களா, திரும்பிப் போகாம இருந்துடுவாங்களா. அம்மாகிட்ட ரிட்டர்ன் டிக்கெட்டைப் பேப்பரில் கொடுங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம், கேக்கச் சொல்லுங்க. புரியாம எஸ், எஸ்னு தலையாட்டுறதுதான் ஆபத்து.

கம்பெனி லேப்டாப்புக்கு இன்னிக்கே ஐடிக்கும் லீகலுக்கும் மெயில் போடுங்க. மூணு கேள்வி போதும்: எடுத்துட்டுப் போகலாமா, காலி லேப்டாப் தருவீங்களா, திறக்கச் சொன்னா யாருக்கு போன் பண்றது. வக்கீலோட பேசின கோப்பு உள்ள இருந்தா அதிகாரிகிட்ட முதல்லயே சொல்லுங்க. எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர்னு எழுத்துல கேப்பாங்க. அவங்க சட்டப் பிரிவைக் கலந்துகிட்டுத்தான் அதைத் தொடணும்.

கரிசல்

ஆமாம், அபுதாபியில் 2014இலிருந்து சிபிபியின் முன்சோதனை மையம் இயங்குகிறது. சோதனை நடந்தால் அங்கேயே. சிகாகோவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி வெளியேறுவீர்கள். ஆகவே பூட்டுச்சாவி சொன்ன ஷட் டவுனை சென்னை விமானம் அபுதாபியில் தரையிறங்கியதுமே செய்துவிடுங்கள். போர்டிங் பாஸும் பேப்பரில் இருக்கட்டும். இன்னும் அமெரிக்க மண்ணில் கால் வைக்கவில்லை என்பதால், அங்கே மறுத்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். திரும்பி ஊருக்கு வர வேண்டியதுதான். மறுவிமானத்துக்கு இடைவெளி குறைவாக இருந்தால் தவறவிடவும் வாய்ப்புண்டு, 3 மணி நேரமாவது விட்டு டிக்கெட் பாருங்கள்.

போனை வாங்கினால் சோதனை பற்றிய அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக உங்கள் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும், ஆனால் திரையை உங்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பாஸ்கோடைச் சொல்லாமல் நீங்களே தட்டித் திறந்து கொடுக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால் வெளியே வந்ததும் மாற்றுங்கள். போன் உங்கள் கண்ணை விட்டு மறைந்திருந்தால் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டு, இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொண்டு அந்தப் போனை அப்போது ரீசெட் செய்யலாம். கருவி மாட்டி நகலெடுத்தவை எங்கே போகின்றன என்பதற்கு: 2022 செப்டம்பரில் செனட்டர் ரான் வைடன் வெளியிட்ட கடிதப்படி, அவை ஒரு தரவுத்தளத்தில் 15 ஆண்டு இருக்கும், சுமார் 2,700 அதிகாரிகள் தேடிப் பார்க்க முடியும்.

போனை அவர்களே வைத்துக்கொண்டால் 6051டி என்ற ரசீதுப் படிவம் இல்லாமல் நகராதீர்கள். அதில் கருவியின் விவரம், அதிகாரியின் பெயர், தொடர்பு எண் சரியாக இருக்கிறதா என்று நின்று படியுங்கள். வழக்கமான கெடு 5 நாள், மேலதிகாரி ஒப்பினால் நீளும். 6ஆம் நாள் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஐஎம்இஐயையும் கேட்பார்கள், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.