உதவி தேவை: கிடங்குக் கதவில் அரக்கு முத்திரை, உள்ளே போலிச் சரக்கு. யாரிடம் போய் எடுக்கச் சொல்வது?

மாதவரம்_கிடங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாதவரத்தில் எனக்குத் தகரக் கூரை போட்ட கிடங்கு ஒன்று இருக்கிறது. மொபைல் உதிரிப் பொருள் மொத்த வியாபாரம், ரிச்சி தெருவில் கடை என்று சொல்லி ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு நாள் காலையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவரும், ஒரு நிறுவனத்தின் ஆட்களும், இரண்டு போலீஸ்காரர்களும் வந்து இறங்கினார்கள். பெட்டிகளைப் பிரித்தார்கள், எண்ணினார்கள், வீடியோ எடுத்தார்கள், எல்லாவற்றையும் மறுபடி உள்ளேயே அடுக்கினார்கள். பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் போலி சார்ஜர், இயர்போன், பவர் பேங்க் என்றார்கள்.

மாதங்கள் ஓடிவிட்டன. வாடகைதாரரின் போன் அணைந்தே கிடக்கிறது. காவல் நிலையத்தில் கேட்டால், "எங்களிடம் அப்படி ஒரு வழக்கே இல்லை. பாதுகாப்புக்கு வந்தோம், அவ்வளவுதான்" என்கிறார்கள். வாடகையும் இல்லை, இடமும் இல்லை. இப்போது அக்னி நட்சத்திரம் வேறு. தகரத்துக்குக் கீழே அத்தனை பேட்டரி கிடப்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அரக்கை உடைத்துச் சரக்கை வெளியே போடலாமா? ஸ்டிக்கரை உரித்துவிட்டுச் சாதாரண சார்ஜராக விற்று வாடகை பாக்கியைக் கழித்துக்கொள் என்று மைத்துனர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டித்தோப்பு_வியாபாரி எழுதியது:

நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பூட்டை உடையுங்கள். போலிச் சரக்குக்கு உரிமை கொண்டாடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

பாரிமுனை_வக்கீல் எழுதியது:

மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். உரிமை கொண்டாட ஆள் இல்லை என்று யார் சொன்னது? அந்தச் சரக்கு ஒரு வழக்கின் சாட்சியம். அரக்கு வைத்தவருக்கு அது கணக்கில் இருக்கிறது.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அது யாருடைய அரக்கு? போலீஸ் கைப்பற்றியிருந்தால் முதல் தகவல் அறிக்கை இருக்கும், சரக்கை அவர்களே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சுங்கத் துறை என்றால் அவர்களின் மகசர் (கைப்பற்றிய பொருள்களின் பதிவு) நகல் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கறுப்புக் கோட்டுக்காரர் நீதிமன்றம் அமர்த்திய வழக்கறிஞர் ஆணையர் போலத் தெரிகிறது. எண்ணி, படம் எடுத்து, சரக்கை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டுவது சிவில் வழக்கின் பழக்கம். போலீஸ் துணைக்குத்தான் வந்திருக்கும். அதனால்தான் நிலையத்தில் வழக்கு எண் இல்லை.

ஷட்டரில் ஏதாவது தாள் ஒட்டியிருந்ததா? உங்கள் ஆட்கள் யாராவது எதிலாவது கையெழுத்துப் போட்டார்களா?

மாதவரம்_கிடங்கு எழுதியது:

சார், காவலாளியிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "சி.எஸ். (வணிகப் பிரிவு)" என்று ஓர் எண்ணும், கீழே "ஏ." என்று இன்னோர் எண்ணும் இருக்கின்றன. பிறகு நீளமான பொருள் பட்டியல். கடைசியில் வாடகைதாரரின் வேலையாள் ஒருவர் "மேற்படி பொருள்களைப் பத்திரமாக வைத்திருப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பையனையும் இப்போது காணவில்லை.

பாரிமுனை_வக்கீல் எழுதியது:

அந்தத் தாளை முதலில் நாலு நகல் எடுங்கள். நீங்கள் தேடியது அதுதான். சி.எஸ். என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்கு எண். ஏ. என்பது ஆணையரை அமர்த்தக் கேட்ட மனுவின் எண். இந்த எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டால் வாதி யார், அவருடைய வக்கீல் யார், அடுத்த விசாரணை எப்போது என்று தெரிந்துவிடும். 2023 முதல் அங்கே அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவே இயங்குகிறது.

நடந்தது இதுதான். நிறுவனம் தன் சின்னத்தைப் போலியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டு, எதிர்த் தரப்புக்குத் தெரியாமலே முதல் நாளில் இடைக்காலத் தடையாணையும் ஆணையரும் கேட்டிருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் சரக்கு ஒரே இரவில் மறைந்துவிடும் என்பதால், வணிகச் சின்னங்கள் சட்டம் 1999, பிரிவு 135 இதற்கு இடம் கொடுக்கிறது. போலிப் பொருள்களையும் சாட்சியங்களையும் பாதுகாக்க ஒருதலைப்பட்சமாகவே உத்தரவு போடலாம். வழக்கு முடியும்போது முத்திரைகளையும் லேபிள்களையும் அழிப்பதற்காக ஒப்படைக்கச் சொல்லவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. இப்படிப் பெற்ற தடையாணை மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எதிர்த் தரப்பு தலைமறைவானால், அழைப்பாணை சேராமல் வழக்கு இழுக்கும். நிறுவனத்துக்கு அவசரமில்லை. போலி சந்தைக்குப் போகாமல் உங்கள் கிடங்கிலேயே வாடகை இல்லாமல் கிடக்கிறதே!

அரக்கை உடைப்பது பற்றி: தடையாணையை மீறினால் சொத்து முடக்கமும் 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. நான் அந்த வழக்கில் தரப்பினரே இல்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் நீதிமன்றம் வைத்த முத்திரை என்று தெரிந்தே உடைத்தால் அவமதிப்பு நடவடிக்கை வரலாம். பட்டியலில் இருப்பதில் ஒரு பெட்டி குறைந்தாலும் விரல் உங்களை நோக்கித்தான் நீளும்.

உங்களுக்குச் சரியான வழி: கட்டட உரிமையாளர், வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் என்று சொல்லி அதே வழக்கில் மனுப் போடுங்கள். சரக்கை வாதியின் கிடங்குக்கு, வாதியின் செலவில் மாற்ற வேண்டும். மாதிரிகளை எடுத்துக்கொண்டு மீதியை ஆணையர் முன்னிலையில் அழிக்க வேண்டும் என்று கேளுங்கள். பேட்டரி ஆபத்தைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். நீதிபதி முதலில் பார்ப்பது அதைத்தான். மனுப் போடும் முன் வாதியின் வக்கீலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பாதி வழக்குகளில் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

வாடகை பாக்கியை இதோடு குழப்ப வேண்டாம். அது 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை நீதிமன்றத்தில் தனியாக நடக்க வேண்டியது.

ஓய்வுபெற்ற_ரைட்டர் எழுதியது:

காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் சார் சொன்னது சரி. நீங்கள் போலீஸ் வழக்கில் மாட்டவில்லை என்று சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் அந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும்.

வணிகச் சின்னச் சட்டப்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போட டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். சென்னை மாநகரில் அது காவல் உதவி ஆணையர். அதிலும் சோதனைக்கு முன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தைக் கேட்டு, அதன்படிதான் நடக்க வேண்டும். இங்கே அந்த அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. கேட்டு வாங்குவதற்குள் சரக்கு பறந்துவிடும் என்று பயப்படுவார்கள். அட்டைப் பெட்டியின் படமும் வடிவமும் பதிப்புரிமைக்குள் (காப்பிரைட்) வரும் என்றால் அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். அதில் சப்-இன்ஸ்பெக்டரே கைப்பற்றலாம். பல வழக்குகளில் பதிப்புரிமைப் பிரிவு முன்னால் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கைப்பற்றியபின் பெரிய தலைவலி வைக்கும் இடம்தான். சொத்து அறையில் திருட்டு பைக்கின் சாவி, அரிவாள், கள்ளச் சாராயக் கேன் எல்லாவற்றோடும் போலி ஷாம்பு பெட்டிகளும் அடுக்கப்படும். எலி அட்டையைக் கடித்து, ஷாம்பு ஒழுகி, எந்தப் பெட்டி எந்த வழக்கு என்று தெரியாமல் போகும். விசாரணைக்கு வரும்போது மகசரில் எழுதிய எண்ணிக்கையும் அறையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி. இப்படிச் சொத்துகளை நிலையத்தில் தேக்கி வைக்கக்கூடாது, 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 இலேயே சொல்லிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதை நேரடியாகவே எழுதிவிட்டார்கள். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் (பிரிவு 105). பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல் தயாராக வேண்டும், படம் பிடிக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் அழிப்பதா, ஒப்படைப்பதா என்று உத்தரவு வர வேண்டும் (பிரிவு 497). அந்தப் படமே பிறகு சாட்சியம். பொருள் முழுவதையும் தீர்ப்பு வரை கட்டிக் காக்கும் வேலை இனி குறைய வேண்டும். நான் பணியில் இருந்தபோது இது வந்திருந்தால் என் முதுகு வலி பாதி குறைந்திருக்கும்.

ராஜாஜிசாலை_தரகர் எழுதியது:

சுங்கப் பக்கத்தையும் சொல்லி வைக்கிறேன், இதே சந்தேகத்தோடு வருபவர்களுக்கு உதவும். இறக்குமதியில் 2007 மே மாதம் வந்த விதிகள்தான் அடிப்படை. சின்னத்தின் உரிமையாளர் முன்கூட்டியே சுங்கத் துறையிடம் பதிவு செய்து வைக்கலாம். சந்தேகப்படும்படி கன்டெய்னர் வந்தால் விடுவிப்பை நிறுத்திவிட்டு இறக்குமதியாளர், சின்னத்தின் உரிமையாளர் இருவருக்கும் தகவல் கொடுப்பார்கள். உரிமையாளர் 10 வேலை நாளுக்குள் நடவடிக்கையில் சேர வேண்டும், தேவையானால் இன்னொரு 10 நாள் கிடைக்கும். சேராவிட்டால், வேறு குற்றம் இல்லாத பட்சத்தில், சரக்கை விட்டுவிடுவார்கள்.

போலி என்று உறுதியானால், அதிகாரிகள் மேற்பார்வையில் அழிக்க வேண்டும் அல்லது உரிமையாளர் சம்மதித்தால் சாதாரண வியாபாரத்துக்கு வெளியே வேறு விதத்தில் தீர்க்கலாம். உரிமையாளர் 20 வேலை நாளுக்குள் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். அழிக்கும் செலவும், அதுவரை ஏறிய கன்டெய்னர் கிடங்கு வாடகையும் உரிமையாளர் தலையில்தான். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சில நிறுவனங்கள் சிறிய அளவுச் சரக்குக்கு வராமலே இருந்துவிடுகின்றன. போலிச் சின்னத்தோடு அப்படியே திருப்பி அனுப்பவும் விதி இடம் தருவதில்லை; இங்கிருந்து போனது வேறு துறைமுகம் வழியாகத் திரும்பி வரும்.

பெரம்பூர்_வாசகி எழுதியது:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். என் பையன் வெளிநாட்டுத் தளத்தில் ஒரு ஜோடி ஷூ வரவழைத்தான். போலியாக இருந்தால் அதற்கும் இத்தனை கலாட்டாவா?

ராஜாஜிசாலை_தரகர் எழுதியது:

இல்லை அம்மா. சொந்த உபயோகத்துக்கான சிறு பார்சலும், பயணியின் பெட்டியில் வரும் வியாபார நோக்கமில்லாத பொருளும் அந்த விதிகளுக்கு வெளியே. வரி மட்டும் தனிக் கதை.

மறுசுழற்சி_கும்மிடிப்பூண்டி எழுதியது:

கிடங்கு உரிமையாளரின் மைத்துனருக்கு: ஸ்டிக்கரை உரித்தால் சரக்கு நல்லதாகிவிடாது. சின்னத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சந்தைக்கு விடுவது போதாது என்று உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். போலியில் அச்சடித்த பதிவு எண் பெரும்பாலும் இன்னொருவருடையது. விற்றால் வணிகச் சின்னக் குற்றம் போய், பி.ஐ.எஸ். சட்டக் குற்றம் வந்து நிற்கும். துணி, செருப்பு என்றால் சின்னத்தை அகற்றி, உரிமையாளர் சம்மதத்தோடு தானம் கொடுக்க வழி உண்டு. மின்சாதனத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பத்திரிகைப் படத்தில் ரோடு ரோலரை ஏற்றிக் கைக்கடிகாரங்களை நசுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பவர் பேங்க் மேல் அதை ஏற்றினால் தீயணைப்பு வண்டியையும் கூடவே அழைக்க வேண்டும். லித்தியம் செல் நசுங்கினாலோ துளைபட்டாலோ தானே எரியும். போலிகளில் பாதுகாப்புச் சுற்று இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும். ஷட்டர் திறக்கும் நாளில் உப்பிய பவர் பேங்க் இருந்தால் கையால் அழுத்தாதீர்கள், மற்றவற்றோடு அடுக்காதீர்கள். உலர்ந்த மணல் போட்ட இரும்புத் தொட்டியில் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

அழிக்கும் முறை சாதாரணமானதுதான். பேட்டரியைப் பிரித்து 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடமும், சார்ஜர், இயர்போன், வயரை மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடமும் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவரா என்று பாருங்கள். அட்டையும் லேபிளும் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட வேண்டும். காலி அட்டைப் பெட்டியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் போலி வியாபாரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பெயரில்லாத சார்ஜர் எங்கும் கிடைக்கும். அச்சு அசலான பெட்டிதான் கிடைக்காது. முழு அட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனால் மறுமாதமே புதுச் சரக்கோடு வெளியே வரும். எடை போட்ட சீட்டு, வீடியோ, அழிப்புச் சான்றிதழ் மூன்றும் ஆணையரின் அறிக்கையோடு சேர வேண்டும்.

கொண்டித்தோப்பு_வியாபாரி எழுதியது:

எல்லாம் சரி, உண்மை தெரியாமல் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்ற சிறு கடைக்காரன் என்ன செய்வான்? அவன் சரக்கையும் இப்படித்தான் நொறுக்குவீர்களா?

பாரிமுனை_வக்கீல் எழுதியது:

சரக்கு எப்படியும் போகும். ஆள் தப்பிக்க வழி உண்டு. வணிகச் சின்னங்கள் சட்டத்தின் பிரிவு 104 இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. ஆனால் தக்க எச்சரிக்கையோடு இருந்தேன், சந்தேகப்படக் காரணமில்லை, யாரிடம் வாங்கினேன் என்று கேட்டபோது எல்லா விவரமும் கொடுத்தேன் என்று நிரூபித்தால் தண்டனை இல்லை. பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கியவர் இதை எப்படி நிரூபிப்பார் என்பது அவர் பாடு.

மாதவரம்_கிடங்கு எழுதியது:

ஆடி பிறந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். வாதியின் வக்கீல் முதல் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மனு எண் ஆனதும் அவரே கூப்பிட்டார். பேட்டரி விஷயத்தைப் படித்த நீதிபதி, பவர் பேங்குகளை மாதிரி போக உடனே அகற்றவும், மற்றதை வாதியின் கிடங்குக்கு மாற்றவும் உத்தரவு போட்டார். அதே ஆணையர் வந்து அரக்கைச் சரிபார்த்துத் திறந்தார். ஒரு பெட்டியில் நிறைய பவர் பேங்குகள் உப்பியிருந்தன. மறுசுழற்சி அண்ணன் சொன்ன மணல் தொட்டி உதவியது. செலவு முழுவதும் வாதியுடையது. கடந்த மாதங்களின் வாடகையை மட்டும் தர மாட்டோம் என்றார்கள்.

இப்போது உள்ளே இரும்பு ரேக்குகளும் ஒரு லேபிள் அச்சு இயந்திரமும் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பாரிமுனை_வக்கீல் எழுதியது:

ரேக் வாடகைதாரர் பொருள், அதை வாடகை நீதிமன்றத்தில் கேளுங்கள். அச்சு இயந்திரம் ஆணையரின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள், லாரியில் ஏற்ற மறந்திருப்பார்கள்.

மாதவரம்_கிடங்கு எழுதியது:

இருக்கிறது சார், கடைசிப் பக்கத்தில். ஆணையருக்கு இப்போதே போன் செய்கிறேன். ஏற்றும்போது ஒப்படைப்பு மகசரில் என் கையெழுத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.