கோழிமுட்டை ஓவால்புமினில் 1663.6 பீக்: மென்பொருள் வரைகிற படத்தை நம்பலாமா?

மஞ்சக்கரு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். தெருமுனைக் கடையில் ஆறு முட்டை வாங்கி, வெள்ளைக்கருவைப் பிரித்து, அம்மோனியம் சல்பேட்டில் ஓவால்புமினை (வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம்) இரண்டு தடவை படியவைத்தேன். பிறகு புரதத்திலிருந்து சர்க்கரைச் சங்கிலிகளைக் கழற்றும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க. கழன்று வந்த சங்கிலிகளை உப்பு நீக்கி மால்டியில் (மூலக்கூறின் எடையை அளக்கும் கருவி; ஒவ்வொரு எடைக்கும் ஒரு முகடு, அதாவது பீக், எழும்) வைத்தேன். 1257.4 (ஐந்து மான்னோஸ் சர்க்கரை), 1419.5 (ஆறு மான்னோஸ்) இரண்டும் எதிர்பார்த்ததுதான். ஆனால் 1663.6-இல் கொழுத்த பீக் ஒன்று. மென்பொருள் அதற்கு இரண்டு கிளை, இரண்டு நுனியிலும் காலக்டோஸ் என்று படம் வரைகிறது. கைடு "அப்படியே போட்டுவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பழைய_மால்டிக்காரன்:
போடாதீங்க தங்கச்சி. இதே பீக்குக்கு இதே படத்தைப் போட்டு, ஒரு கருத்தரங்கில் போஸ்டருக்கு முன்னால் நின்று அசடு வழிந்தவன் நான்.

மால்டி ஒரு தராசு. ஐந்து ஹெக்சோஸ் (மான்னோஸ், காலக்டோஸ் மாதிரி சர்க்கரை), நான்கு ஹெக்ஸ்நாக் (நைட்ரஜன் உள்ள சர்க்கரை, இங்கே கிளக்நாக்), கூடவே ஒரு சோடியம், இவ்வளவுதான் 1663.6 சொல்கிற சேதி. அந்த ஐந்தில் எது மான்னோஸ், எது காலக்டோஸ் என்று தராசுக்குத் தெரியாது; இரண்டும் 162 டால்டன். மென்பொருள் தன்னிடம் இருக்கிற பட்டியலில் முதலில் கிடைத்ததை எடுத்து நீட்டிவிடும், பெரும்பாலும் மனித ரத்தப் புரதத்தில் இருப்பதை.

ஓவால்புமினில் இந்த எடைக்கு வருவது வேறு ஆள். ஐந்தும் மான்னோஸ். ஒரு கை மான்னோஸாகவே நிற்கும், மறு கையில் ஒரு கிளக்நாக் ஏறியிருக்கும். அதாவது கலப்பு வகை. இன்னொரு கிளக்நாக் இரண்டு கைக்கும் நடுவே, அடி மான்னோஸில் குத்தி நிற்கும். பைசெக்டிங் என்பார்களே, அது. 1970களில் ஜப்பானில் அகிரா கொபாடா குழு இந்த ஓவால்புமின் சங்கிலிகளை நொதி நொதியாக வெட்டிப் பார்த்தே கண்டுபிடித்தது.

நீங்களும் வெட்டிப் பாருங்கள். நுனிக் காலக்டோஸை வெட்டும் பீட்டா காலக்டோசிடேஸ் போட்டால் மென்பொருளின் படம் 1339.5-க்கு இறங்க வேண்டும். என் படம் அசையாது. கூடவே சியாலிக் அமிலம் (நுனியில் உட்காரும் இன்னொரு சர்க்கரை) நீக்கிய, மனித டிரான்ஸ்ஃபெரின் என்ற ரத்தப் புரதத்தையும் ஒரு குழாயில் வையுங்கள். அதில் உண்மையிலேயே இரண்டு காலக்டோஸ் உள்ள 1663.6 இருக்கிறது. அது இறங்கவில்லை என்றால் நொதி செத்துப்போச்சு என்று அர்த்தம். அப்புறம் புரதத்தின் மேலேயே எண்டோ எச் என்ற இன்னொரு நொதியைப் போடுங்கள். அது கலப்பு வகையை வெட்டும், இரட்டைக் காலக்டோஸ்காரரைத் தொடாது. வெட்டினால் ஒரு கிளக்நாக் புரதத்திலேயே தங்கிவிடும், பீக் 1460.5-இல் வரும்.

ஜெல்ராணி:
அண்ணா சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் ஜெல் ஓட்டி, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தீர்களா? வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின்தான், ஆனால் அதில் ஒரே ஒரு சங்கிலி. ஓவோமியூகாய்ட் என்ற இன்னொரு வெள்ளைக்கருப் புரதம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அதன் எடையிலோ கால்வாசி வரை சர்க்கரை. கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே ஸ்பெக்ட்ரத்தை நிரப்பிவிடும். கடையில் வாங்குகிற ஓவால்புமினிலும் இதே கதை. ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஹார்வி குழு 2000-இல் இதையே ஒரு கட்டுரையாகப் போட்டது. ஜெல்லில் ஓவால்புமினின் 45 கிலோடால்டன் பட்டைக்குக் கீழே, 28-க்கும் 40-க்கும் இடையே தீற்றலாக ஏதாவது தெரிந்தால் 45 பட்டையை மட்டும் வெட்டி எடுத்துச் செய்யுங்கள்.

மஞ்சக்கரு:
பத்து நாள் கழித்து வருகிறேன். தீற்றல் இருந்தது அக்கா! பட்டையை வெட்டிச் செய்ததில் 2000-க்கு மேல் இருந்த சில்லறைப் பீக்குகள் ஏறக்குறைய காணாமலே போய்விட்டன. 1663.6 அப்படியே நிற்கிறது. பீட்டா காலக்டோசிடேஸில் டிரான்ஸ்ஃபெரின் 1339.5-க்கு இறங்கியது, என்னுடையது நகரவில்லை. எண்டோ எச்சில் 1460.5. கைடு இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மென்பொருளைத் திட்டினார்.

பழைய_மால்டிக்காரன்:
அடுத்து புறா முட்டை கிடைத்தால் பாருங்கள். கோழியில் இல்லாத ஒன்று அதில் உண்டு: நுனியில் காலக்டோஸ் மேல் ஆல்ஃபா 1-4 பிணைப்பில் இன்னொரு காலக்டோஸ். சிறுநீர்த் தொற்று தருகிற சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் பிடித்துத் தொங்குவது அந்த ஜோடியைத்தான். அங்கே பீட்டா நொதி மட்டும் பலிக்காது, முதலில் காப்பிக்கொட்டையிலிருந்து எடுத்த ஆல்ஃபா காலக்டோசிடேஸ் வேண்டும்.

மஞ்சக்கரு:
எதிர்வீட்டு மாடியில் புறா வளர்க்கிற தாத்தாவிடம் கேட்டேன். ஒரு ஈட்டுக்கு இரண்டே முட்டைதானாம். ஒன்று தருகிறேன் என்றிருக்கிறார், எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.