மறுமொழி: ஃபால்சிஃபையபிலிட்டி – ‘பொய்க்குந்தன்மை’யைத் திரும்பப் பெறுகிறேன், ‘பொய்ப்புவழி’ பொருந்துமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

ஒரு கூற்று தவறாக இருந்தால் அதைச் சோதனையால் கண்டுகொள்ள வழி இருப்பதைத்தான் ஃபால்சிஃபையபிலிட்டி என்கிறோம். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் போன வாரம் நான் முன்வைத்த ‘பொய்க்குந்தன்மை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா எழுப்பிய தடை முற்றிலும் சரி. அவர் எழுதியதை மீண்டும் இங்கே தருகிறேன்:

> ‘இந்தப் பகுதியில் மழை பொய்க்கும் தன்மை உடையது’ என்றால் அடிக்கடி ஏமாற்றும் என்றுதான் பொருள். ‘பொய்க்குந்தன்மை உடைய கோட்பாடு’ என்று எழுதினால், அடிக்கடி தவறிப்போகும் கோட்பாடு என்றே மாணவன் விளங்கிக்கொள்வான். நாம் சொல்ல வருவது அது அல்ல.

ஆனால் அதற்காக பழைய பரிந்துரையான ‘பொய்ப்பிக்கத்தகுமை’க்குத் திரும்பலாம் என்று குழுவில் உள்ள அம்மையார் ஒருவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நீளம் ஒரு குறை, அது பொறுக்கக்கூடியது. பெரிய குறை பிறவினையில் இருக்கிறது. ‘பொய்ப்பித்தல்’ என்றதும் உண்மையை யாரோ வேண்டுமென்றே பொய்யாக்குகிறார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் தமிழ்வழியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி எழுந்து நின்று, “நல்ல அறிவியலை ஏன் ஐயா பொய்யாக்க வேண்டும்?” என்று கேட்டாள். அவளிடம் பிழை இல்லை. நான் பயன்படுத்திய சொல் அவளைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போயிருந்தது.

தன்வினையான ‘பொய்த்தல்’ வேறு வகைச் சொல். வானம் பொய்த்தது என்கிறோம். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை, அவ்வளவுதான். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று குறள் சொல்வதும் இந்தப் பொருளில்தான். எதிர்பார்ப்பு ஒன்று, நிகழ்வு ஒன்று, இரண்டும் பொருந்தாத நிலை. அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் நூலாக எழுதிய ஃபால்சிஃபையபிலிட்டி என்ற கருத்தின் உயிர்நாடியும் இதுவே. 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நினைத்துப் பாருங்கள். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) வளையும் என்று ஐன்ஸ்டைனின் கணக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தது. பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிபே தீவிலும் படம் எடுத்தார்கள். ஒளி அந்த அளவுக்கு வளைந்திருக்காவிட்டால் கோட்பாடு பொய்த்திருக்கும். பொய்க்க வழி இருந்தது, பொய்க்கவில்லை. அப்போது வியன்னாவில் இளைஞராக இருந்த பாப்பரை ஈர்த்தது அந்தத் துணிவுதான்.

இந்த ‘வழி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புதிய பரிந்துரைக்கு வந்தேன்: பொய்ப்புவழி. ஒரு கூற்று எந்த நிகழ்வால், எந்த அளவீட்டால் பொய்த்துப்போகக்கூடுமோ அதுவே அதன் பொய்ப்புவழி. ஃபால்சிஃபையபிலிட்டிக்கு, அன்புடைமை, அறிவுடைமை போல, ‘பொய்ப்புவழியுடைமை’. பொய்ப்புவழியே இல்லாத கூற்று ‘பொய்ப்புவழியற்ற கூற்று’.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதிர்மறைக்குப் ‘பொய்யாத’, ‘பொய்க்காத’ என்று சுருக்கிவிடக் கூடாது. தமிழில் பொய்யாமை பெரும் புகழ்ச்சி. வான் பொய்த்தாலும் தான் பொய்யாத காவிரி என்று பாடிய மொழி இது. பொய்யாத கூற்று என்றால் சோதனைக்கு நின்று வென்ற கூற்று. பொய்ப்புவழியற்ற கூற்று என்றால் சோதனைக்கே வராத கூற்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஏனென்றால் இரண்டுமே ஒருமுறைகூடத் தோற்றதில்லை. போலி அறிவியல் மக்களை மயக்குவது இந்த ஒற்றுமையை வைத்துத்தான். ஆகவே நம் கலைச்சொற்கள் இந்த இரண்டையும் கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும்.

சொல் தாங்குமா என்று பார்க்க நமக்கு நெருக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சிலருக்கு வருத்தம் வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், கடலில் மூழ்கியதாகத் தான் கருதிய ஒரு நிலப்பரப்புக்கு லெமூரியா என்ற பெயரைச் சூட்டினார். நம்மவர்கள் பலர் அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசுகிறார்கள். மடகாஸ்கரில் லெமூர்கள் நிறைந்திருக்கின்றன; அவற்றின் உறவான தேவாங்கு நம் காடுகளில் இருக்கிறது; நடுவில் பெருங்கடல். அப்படியானால் இடையில் ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். அந்தக் காலத்து அறிவுக்கு அது நேர்மையான ஊகம், பொய்ப்புவழியும் அதற்கு இருந்தது: கடலடியை ஆராய்ந்தால் தெரிந்துவிடும். 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். பலர் ஏற்கவில்லை. 1960களில் கடலடிச் சான்றுகள் குவிந்தபோது அவர் கருத்தின் சாரம் நிலைத்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. செஷல்ஸ் போன்ற சிறு கண்டத்துண்டுகள் உண்டு. மனிதர் வாழ்ந்து மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. லெமூரியா பொய்த்தது.

ஸ்கிளேட்டர் செய்தது போலி அறிவியல் இல்லை, பொய்த்துப்போன அறிவியல். போலி அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. கண்டம் கிடைக்கவில்லையா, ஆழத்தில் புதைந்துவிட்டது. மண்ணியலாளர்கள் மறுக்கிறார்களா, அவர்கள் தமிழரின் தொன்மையை மறைக்கிறார்கள். சான்று இல்லாததே மறைப்புக்குச் சான்று. இப்படி ஒவ்வொரு பதிலும் ஒரு பொய்ப்புவழியை அடைத்துக்கொண்டே போகிறது. கடைசி வழி அடைபடும் இடத்தில் போலி அறிவியல் சதிக்கதையாக மாறுகிறது. நம் இலக்கியம் சொல்லும் கடல்கோளை இதனோடு குழப்ப வேண்டாம். கடைசிப் பனியுகத்தின் உச்சம் முடிந்து இன்றுவரை கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. கரையோர நிலத்தைக் கடல் கொண்டது என்ற கூற்றுக்கு நல்ல பொய்ப்புவழி உண்டு. கடலடியில் தேடலாம், தேட வேண்டும் என்பதே என் விருப்பம்.

போலி அறிவியலுக்குக் குழுவில் வந்த ‘பொய்யறிவியல்’ என்ற பரிந்துரையையும் இந்த எடுத்துக்காட்டே தள்ளிவிடுகிறது. அது பொய்த்த அறிவியலோடு குழம்பும். ‘போலி’யே இருக்கட்டும். மணிமேகலையில் அறவண அடிகள் அளவையியல் (தர்க்கம்) சொல்லும் 29ஆம் காதையில் பக்கப்போலி (கூற்றில் உள்ள போலி), ஏதுப்போலி, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் உள்ள போலி) என்று வருகின்றன. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதது ஏதுப்போலி. தோற்றத்தில் ஒன்றாகவும் செயலில் வேறாகவும் இருப்பதற்கு நம்மவர்கள் அப்போதே தேர்ந்தெடுத்த சொல் இது. இலங்கையில் பள்ளிப் பாடமே விஞ்ஞானம் என்பதால் அங்கே ‘போலி விஞ்ஞானம்’ வழங்கட்டும். இரண்டையும் பதிந்துவிடலாம்.

கான்ஸ்பிரசி தியரிக்குச் சொல்லப்படும் ‘சதிக் கோட்பாடு’ பற்றிச் சுருக்கமாக. வேண்டாம் என்பதே என் கருத்து. சார்பியல் கோட்பாட்டையும் நிலவில் மனிதன் இறங்கவில்லை என்ற வதந்தியையும் ஒரே சொல்லில் அடைக்க நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அதே வேளையில், சதி என்று யாராவது சொன்னதுமே புளுகு என்று முத்திரை குத்துவதும் தவறு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்கள் நானூறு பேர் அளவில் மேகநோய்க்குச் சிகிச்சை தரப்படாமல், உண்மை மறைக்கப்பட்டு, வெறுமனே கவனிக்கப்பட்டார்கள். அது நடந்தது, ஆவணங்களால் வெளிவந்தது. எனவே இரண்டு சொற்கள் கேட்கிறேன்: பொய்ப்புவழி உள்ளவரை ‘சதி ஊகம்’, எல்லா வழியையும் அடைத்துக்கொண்டபின் ‘சதிப்புனைவு’.

இவ்வளவு நுணுக்கம் பொதுமக்களுக்கு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த அச்சமூட்டும் செய்திகளைக் காட்டி, எங்கள் பள்ளி வாசலில் ஒரு தாய் அழுதுகொண்டு நின்றார். நான் அவரோடு வாதாடவில்லை. “இந்தச் செய்தி தவறாக இருந்தால், அதை எதை வைத்து நீங்கள் தெரிந்துகொள்வீர்கள் அம்மா?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். “போன வாரம் போட்டுக்கொண்ட பிள்ளைகள் நன்றாக இருந்தால்” என்றார். பக்கத்துத் தெருவில் அப்படி நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்திட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பெயர் இல்லை.

தொகுப்பாளர் ஐயாவுக்கு: ‘பொய்ப்புவழி’, ‘பொய்ப்புவழியுடைமை’, ‘பொய்ப்புவழியற்ற’, ‘சதி ஊகம்’, ‘சதிப்புனைவு’ ஆகிய ஐந்தையும் பரிசீலனைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ‘பொய்ப்புவழி’ என்பதைப் பொய் சொல்லும் வழி என்று யாராவது பிரித்துப் படிப்பார்களோ என்ற ஓர் ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. வகுப்பறையில் இருப்பவர்கள் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் முதலில் எப்படிப் பொருள்கொண்டார்கள் என்பதை எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்