மறு: [கலைச்சொல்] ஷ்மால்ட்ஸ்லருக்கு "நெய்ப்பொடி" என்றால் என்ன குறை?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூக்குப்பொடி பற்றி நான் எழுதும் கட்டுரைக்காக, அதன் வகைகளுக்குத் தமிழ்ச்சொல் கேட்டுப் போட்ட மடலுக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. பேராசிரியர் ஐயா அனுப்பிய பட்டியலை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ஷ்மால்ட்ஸ்லர் – கொழுப்பூட்டிய நாசிப் புகையிலைத் தூள்
> ராப்பி – அரப்பொடி
> டோஸ்ட் – வறட்டுப்பொடி
> பொடி எடுத்தல் – நாசி நுகர்வு

ஐயா, கடைசியிலிருந்து வருகிறேன். பொடியை நம் ஊரில் யாரும் நுகர்வதில்லை, போடுகிறார்கள். வெற்றிலை போடுவது மாதிரி பொடி போடுவது. அளவுக்குச் சிட்டிகை இருக்கிறது. போதாதென்றால் பொடிக்கென்றே "சிமிட்டா" இருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

நெய் என்றதும் நேராக ஷ்மால்ட்ஸ்லருக்கு, அதாவது தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் போடும் பொடிக்கு, வந்துவிடலாம். அதை நான் நெய்ப்பொடி என்றதில்தானே சண்டையே.

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் மருமகன் போன முறை வந்தபோது அதில் ஒரு டப்பா கொண்டுவந்தார். திறந்தால் காப்பித்தூள் நிறம், உலர்ந்த திராட்சையும் பழம்புளியும் கலந்தாற்போல ஒரு வாசனை. விரலிடுக்கில் அழுத்தினால் உதிராமல் கொஞ்சம் கட்டிப்பட்டு நின்றது. நான் பழக்கதோஷத்தில் ஒரு சிமிட்டா எடுத்து "சர்"ரென்று இழுத்தேன். ஒன்றுமே இல்லை. தும்மல் இல்லை, கண்ணில் நீர் இல்லை. பொடி நமுத்துப்போய்விட்டது என்று டப்பாவை மூடி வைத்துவிட்டேன். மருமகன்தான் இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "மாமா, பவேரியாக்காரங்க புறங்கையில கொட்டி, பூ மோந்து பாக்குற மாதிரி மெதுவா இழுப்பாங்க." அப்படிப் போட்டபோதுதான் அதன் சங்கதி பிடிபட்டது. சுள்ளென்று ஏறுவதற்கான பொடி இல்லை அது. மணம் அரைமணி நேரம் மூக்கின் முன்பக்கத்திலேயே தங்குகிறது.

இதன் பெயரில் இருக்கும் "ஷ்மால்ட்ஸ்" உருக்கிய கொழுப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல். பிரேசில் புகையிலையைப் புளிக்கவைத்து அரைத்து, அதில் பன்றிக் கொழுப்போ, வெண்ணெயை உருக்கி எடுத்த "புட்டர்ஷ்மால்ட்ஸோ" சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். புட்டர்ஷ்மால்ட்ஸ் என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு நெய்தான். தூள் பறக்காது, காந்தல் அடங்கும். கும்பகோணத்தில் என் தாத்தா பொடி வாங்கிய கடையிலும் இதையே பார்த்திருக்கிறேன். கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு சொட்டு நெய் விட்டுக்கொண்டு பொடியைத் தேய்ப்பார். பிறகு நீளக் காம்புள்ள குட்டிக் கரண்டியால் அள்ளி, காய்ந்த வாழை மட்டைத் துண்டில் தட்டி மடித்து, நாரால் ஒரு சுற்று சுற்றிக் கொடுப்பார். பவேரியக் காட்டுக்கும் காவிரிக்கரைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பண்டத்தைப் பதப்படுத்திய புத்தி ஒன்றுதான். எனவே நெய்ப்பொடி.

இதற்குக் கோவை நண்பர் எழுப்பிய மறுப்பு நியாயமானது:

> இப்போது ஷ்மால்ட்ஸ்லரில் கொழுப்பே சேர்ப்பதில்லை, பாரஃபின் எண்ணெய்தான். நெய்யே இல்லாததை நெய்ப்பொடி என்பது பொய்யாகிவிடாதா?

நண்பரே, நீங்கள் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து வந்ததற்கு மட்டும் உரிய பெயர், இன்று தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் ஆயிற்று. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. யாராவது பொய் என்கிறோமா? பழந்தமிழில் நெய் என்றால் நெய்ப்பு உள்ள எதுவும்தான். பாரஃபினும் அதில் அடங்கும்.

"நெய்ப்பொடி என்றால் சோற்றில் பிசையும் நெய்யும் பருப்புப்பொடியும் என்று நினைத்துக்கொள்வார்கள்" என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரைத் தலைப்பிலேயே மூக்குப்பொடி என்று இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது அம்மா. வந்தாலும் ஒரு சிரிப்போடு போய்விடும்.

அடுத்தது ராப்பி. பிரெஞ்சில் "ராப்பே" என்றால் துருவியது. புகையிலையைக் கேரட் வடிவத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டி, வேண்டும்போது துருவிப் போட்டுக்கொள்வார்கள். பணக்காரர்கள் தந்தத்தில் செதுக்கிய துருவியையே சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அவை இன்றும் இருக்கின்றன. ஐயாவின் "அரப்பொடி" இலக்கணப்படி சரி. ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்: அரத்தால் அராவும்போது உதிரும் இரும்புத்தூள். அதை மூக்கில் போடச் சொன்னதாக ஆகிவிடும்! நான் "துருவல்" என்கிறேன். இன்றைய ராப்பியை யாரும் துருவுவதில்லை, எந்திரத்தில்தான் அரைக்கிறார்கள். ஆனாலும் அது கருத்து, கொரகொரவென்று, ஈரமாக இருக்கும். தேங்காய்த் துருவலைத் தொட்ட விரலுக்கு அந்த ஈரமும் கொரகொரப்பும் தெரியும். வேர்ச்சொல்லும் பொருந்துகிறது, கைப்பதமும் பொருந்துகிறது.

டோஸ்ட் இதற்கு நேர் எதிர். சூடேற்றி ஈரத்தை விரட்டி, மாவாக அரைத்தது. டப்ளினில் லண்டி ஃபுட் என்பவர் கடைப்பொடி இவ்வகையில் பேர்போனது. சூளைக்காரன் தூங்கிப்போய் இலை தீய்ந்ததால் பிறந்த பொடி என்று அதற்கு ஒரு கதை உண்டு. கதைதான். இதற்கு "வறட்டுப்பொடி" வேண்டாம். வறட்டு இருமல், வறட்டுக் கௌரவம் என்று அந்த "வறட்டு"க்குப் பின்னால் நல்லது எதுவும் வருவதில்லை. வறுபொடி போதும். இதைப் போடும் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர்ப் பழக்கத்தில் இழுத்தால் நேரே தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு நடந்தது. பேரன் முதுகில் தட்டினான்.

எஸ்பி என்னும் ஆங்கிலேய வகையை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷெஃபீல்டில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பொடி அரைக்கத் தொடங்கிய வில்சன்ஸ் ஆஃப் ஷாரோ போன்றவர்களால் பேர்பெற்றது. பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் வாசனை தூக்கலாக இருக்கும். எஸ் என்பது ஸ்பானிஷா, ஷாரோவா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. எஸ்பி என்று அப்படியே விட்டுவிடுவோம். காவல் கண்காணிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீரியத்தைக் குறிக்க "செறிவு", "திண்மை" என்றெல்லாம் வந்திருக்கிறது. பொடி போடுகிறவர் "காரம்" என்பார், அதையே வைத்துக்கொள்ளலாம். வேதியியலிலும் காரம் என்றொரு சொல் இருப்பது இங்கே இடைஞ்சல் இல்லை, வசதி. நம்மவர் சுண்ணாம்பு சேர்ப்பதும் ஐரோப்பியர் சோடியம் கார்பனேட் போன்ற உப்புகளைச் சேர்ப்பதும் பொடியைக் காரத்தன்மை ஆக்கத்தான். அப்போது நிகோடின் விடுபட்டு மூக்குச் சவ்வு வழியாக விரைவில் இரத்தத்தில் கலக்கிறது. நாக்குக்காரர் சொன்ன காரமும் ஆய்வகக்காரர் சொன்ன காரமும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. (புகை இல்லையே என்று யாரும் ஏமாற வேண்டாம், பழக்கத்தில் இழுத்துவிடும் நிகோடின் அதேதான். கட்டுரையில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதியிருக்கிறேன்.)

பின்குறிப்பாக ஒன்று. கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் மணிக்கட்டோரம் ஒரு பள்ளம் விழுமே, பொடியைக் கொட்டி இழுக்கும் இடம். மருத்துவப் புத்தகங்களில் அதற்கு "உடற்கூற்றுப் பொடிப்பெட்டி" என்று பொருள்படும் பெயர். நான் "பொடிக்குழி" என்று எழுதப்போகிறேன். குழுமத்து மருத்துவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்தான்

---

மறு: மறு: [கலைச்சொல்] ஷ்மால்ட்ஸ்லருக்கு "நெய்ப்பொடி" என்றால் என்ன குறை?

வணக்கம் ஐயா.

நெய்ப்பொடி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, வாழ்நாளில் ஒரு சிமிட்டாகூடப் போட்டதில்லை. பொடிக்குழிக்கு என் வாக்கு உண்டு. கையூன்றி விழுந்து வருகிறவருக்கு நாங்கள் முதலில் அழுத்திப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அங்கே வலித்தால் ஸ்கேபாய்டு என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "பொடியே பார்க்காத பிள்ளைகளுக்கு இந்தச் சொல் எப்படிப் புரியும்" என்று யாராவது கேட்பார்கள். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் மட்டும் பொடிப்பெட்டியைப் பார்த்தா படிக்கிறார்கள்?

ஒரே ஒரு ஐயம்: குழியா, பள்ளமா? "பொடிப்பள்ளம்" என்றால் சின்னப் பள்ளம் என்றும் பொருள்படுகிறது, பொடிப்பையன் மாதிரி. அதனால் குழியே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.