பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா மியூசியம்: சமீபத்தில் போனவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. பள்ளிச் சுற்றுலாவில் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் அழைத்துப்போய்க் காட்டிய இடம், கஸ்தூர்பா ரோட்டில் இருக்கிற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1965-ல் திறந்தது. அடுத்த மாதம் அப்பாவையும் ஆறாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.

முக்கியமாகக் கேட்க நினைப்பது எஞ்சின் ஹால் பற்றி. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரிகிற மாதிரி வெட்டித் திறந்து வைத்திருந்த எஞ்சின்கள் இன்னும் ஓடுதா, இல்லை எல்லாம் டச் ஸ்கிரீன் ஆகிவிட்டதா? அந்த வயதில் பட்டனை யார் முதலில் அமுக்குவது என்பதில்தான் எங்கள் கவனம் முழுக்க. இப்போது ஒவ்வொரு பலகையையும் ஆற அமரப் படிக்க ஆசை.

ரைட் சகோதரர்கள் விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருப்பது தெரியும். 1903-ல் அவர்கள் முதன்முதலில் பறந்தது வெறும் 12 விநாடி, 120 அடி. இன்றைய ஜம்போ ஜெட்டின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரைகூட வராது! அதன் பக்கத்தில் நின்று மகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு முட்டிவலி. மேல் மாடிகளுக்கு லிஃப்ட் வேலை செய்கிறதா? கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கினால் அவர் நடக்கிற தூரமா, ஆட்டோ பிடிக்கணுமா? பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் குறைவாக இருக்கும் நாள் எது? யூடியூப் லிங்க் வேண்டாம், நேரில் போனவர்கள் சொன்னால் போதும்.