பக்கத்துலயே பெரிய டிஸ்கவுண்ட் கடை வருது, கடன் நோட்டுக் கணக்குல ஓடுற மளிகைக் கடையை எப்படிக் காப்பாத்துறது?

பாம்பன்_மளிகை:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன்ல அப்பா காலத்துலருந்து மளிகைக் கடை வச்சிருக்கோம். இப்ப மெயின் ரோட்டுல ஒரு செயின் கடைக்குக் கட்டடம் எழும்பிருச்சு, ஏசியெல்லாம் மாட்டிட்டாங்க. ராம்நாடு டவுன்ல இந்த மாதிரி கடை வந்தப்பவே எங்க ஆளுங்க மாசச் சாமானுக்கு பஸ் ஏறிப் போயிட்டுத்தான் இருந்தாங்க, இனி நடந்தே போயிரலாம். நான் சோப்பு டீலர்கிட்ட எடுக்குற ரேட்டை விட அவங்க விக்கிற ரேட்டு கம்மியா இருக்கு, அது எப்படின்னே புரியல.

என் யாவாரத்துல பாதிக்கு மேல நோட்டுதான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், அந்த 61 நாளும் விசைப்படகு ஆளுங்க வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடன்லதான் போகும், அரசு குடுக்குற 8000 ரூபா வந்தா அதுல கொஞ்சம் தருவாங்க, மிச்சம் படகு கடலுக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான். இனிமே கையில காசு இருந்தா அங்க போவாங்க, காசு இல்லாதப்ப மட்டும் எங்கிட்ட வருவாங்கன்னுதான் பயமா இருக்கு. அப்பா "ரேட்டை இறக்கு"ங்கிறாரு, வீட்டுல "கடனை நிறுத்துங்க"ங்கிறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லைன்சேல்ஸ்_ராம்நாடு:
அண்ணே ரேட்டை மட்டும் இறக்கிராதீங்க, அந்தச் சண்டையில நீங்க ஜெயிக்கவே முடியாது. நான் கடை கடையா ஆர்டர் எடுக்குறவன், உள்ள நடக்குறதச் சொல்றேன். உங்களுக்கு கம்பெனி, அப்புறம் டீலர், அப்புறம் நீங்க, இப்படித்தான் சரக்கு வருது. அவங்களுக்கு கம்பெனிலருந்து லாரி நேரா அவங்க குடோனுக்கே போயிரும், நடுவுல டீலர் மார்ஜினே கிடையாது. அது போக கண்ணுல படுற ஷெல்ஃப்ல தன் பொருளை அடுக்கச் சொல்லி கம்பெனியே தனியா காசு குடுக்கும். சீனி, எண்ணெய், பருப்ப அடக்க விலைக்கே கூட போடுவாங்க, அது கூட்டத்த உள்ள இழுக்கத்தான். லாபத்த பிளாஸ்டிக் வாளி, துணிமணி, அவங்க சொந்த லேபிள் முந்திரி இதுலல்லாம் எடுத்துருவாங்க. நீங்க சீனிய அடக்கத்துக்குப் போட்டா அந்த நஷ்டத்த எதுல எடுப்பீங்க?

இன்னொண்ணு, எண்ணெய் பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க. சூரியகாந்தி எண்ணெய் 1 லிட்டர்னா சுமார் 910 கிராம் இருக்கணும். ஆஃபர்ல கிடக்கிற சில பாக்கெட் 800, 850 கிராம்தான், பாக்க ஒரே சைஸா இருக்கும். ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவுன்னு விலை பாக்கெட்லயே அச்சடிக்கணும்னு இப்ப ரூல் இருக்கு, அதக் காட்டிச் சொல்லுங்க, சனங்களுக்குப் புரியும். 5 ரூபா 10 ரூபா பாக்கெட்டும் எப்பவும் தீராம வச்சிருங்க, பல ஷாம்பூல பாட்டில விட சாஷேதான் மில்லிக்கு மலிவு.

தங்கச்சிமடம்_அக்கா:
நான் சாமான் வாங்குற ஆளு, கோவிச்சுக்காதீங்க தம்பி. நாங்க அங்க போறது ரேட்டுக்கு மட்டும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில நோட்டுல வெறும் "சாமான் 640"ன்னு எழுதிருப்பாங்க, என்ன வாங்குனோம், என்ன ரேட்டு ஒண்ணும் தெரியாது, கேட்டா மூஞ்சி மாறும். கடன் வாங்குற வீடுன்னா பழைய பருப்பத்தான் அளந்து போடுவாங்க, அதே பருப்புக்கு ரொக்கத்துக்கு ஒரு ரேட்டு, நோட்டுக்கு ஒரு ரேட்டு. அந்தப் பெரிய கடையில எங்களையும் கலெக்டர் வீட்டு அம்மாவையும் ஒரே மாதிரிதான் பாப்பாங்க, பில்லுல எல்லாம் இருக்கும். ஆனா அங்க போனா தேவையில்லாததும் கூடையில ஏறிருது, அதுவும் உண்மைதான். நீங்க நோட்டை நேர்மையா எழுதுனா நாங்க ஏன் போறோம்?

பாம்பன்_மளிகை:
அக்கா, எங்க கடையில ரெண்டு ரேட்டு கிடையாது, ஆனா நோட்டுல மொத்தமாத்தான் எழுதுறோம். நாளைலருந்து சாமான் வாரியா எழுதச் சொல்லிட்டேன்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, எங்க ஊர்லயும் இது மாதிரி கடை வந்துச்சு, நாங்க தாக்குப் பிடிச்சு நின்னுட்டோம். கடன நிறுத்துனா உங்க கடைக்கு வர்றதுக்குக் காரணமே இல்லாமப் போயிரும், தடைக்காலத்துல அந்த ஏசி கடை யாருக்கும் ஒரு படி அரிசி கடன் குடுக்காது. ஆனா அளவு வையுங்க. தடைக்காலக் கணக்குக்கு தனிப் பக்கம், வீட்டுக்கு இவ்வளவுதான்னு ஏப்ரல் தொடங்குறதுக்கு முன்னாடியே உக்காந்து பேசிருங்க. ஜூன் 14 முடிஞ்சு படகு போக ஆரம்பிச்சப்புறம் பழைய பாக்கிய ஒரேயடியா கேக்காம, கடலுக்குப் போயி வர்ற ஒவ்வொரு தடவையும் இவ்வளவுன்னு கழிச்சுக்கிட்டே வாங்க. நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது, அந்த வீடுகள்ல வருசம் பூரா ரொக்கம் புழங்கும், அவங்களத் தனியா கவனிங்க.

படகுக்குப் போற சாமான விட்டுராதீங்க. அரிசி, பருப்பு, மிளகாத்தூள், தக்காளி, வெங்காயம், பீடி, தண்ணி கேன்னு படகுக்கு ஒரு லிஸ்ட்டு போட்டு முதல் நாளே கட்டி வச்சிட்டா டிரைவர் விடியக்காலைல தூக்கிட்டுப் போயிருவாரு. செயின் கடை அந்த நேரத்துல ஷட்டரையே தொறக்காது. நம்ம ராம்நாடு முண்டு வத்தலுக்கு, அதான் குண்டு மிளகா வத்தலுக்கு, 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, அத வாங்கிக் காயவச்சு கண்ணு முன்னாடி அரைச்சுக் குடுங்க, மீன் குழம்புக்கு அந்த நெறமும் மணமும் பாக்கெட் தூள்ல வராது. சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டியும் நல்லதா பாத்துப் போடுங்க, கலப்படம் நெறைய வருது.

சரக்க தனியா எடுக்காதீங்க. நாங்க நாலஞ்சு கடைக்காரங்க சேந்து மதுரை கீழமாசி வீதியிலயும் விருதுநகர்லயும் பருப்பு, எண்ணெய் எடுத்து லாரி வாடகையப் பங்கு போட்டுக்குறோம், அதுலயே கிலோவுக்கு நல்ல வித்தியாசம் தெரியுது.

லைன்சேல்ஸ்_ராம்நாடு:
காக்கா சொல்றது கரெக்ட். டர்ன்ஓவர் ஒன்றரை கோடிக்குள்ளனா ஜிஎஸ்டில காம்போசிஷன், அதாவது சின்ன யாவாரிங்க விற்பனைல ஒரு சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டுற முறை, இருக்கான்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க, 1 சதவீதம்தான், ஆனா பில்லுல வரின்னு தனியா வாங்க முடியாது. 2025 செப்டம்பர் 22லருந்து குளியல் சோப்பு, ஷாம்பூ, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துலருந்து 5 ஆயிருச்சு, பழைய ரேட்டுலயே வித்துட்டு இருந்தா சனங்க ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க.

பாம்பன்_மளிகை:
நன்றி காக்கா, நன்றிங்க எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம், கடனுக்கு ரெண்டு மூணு மாசம் காசு முடங்குதே, அதுக்கு விலைல ஏதாவது சேத்துக்கலாமா?

கீழக்கரை_காக்கா:
வேணாம் தம்பி. பாக்கெட் சாமான எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா வாங்குனாலும் சட்டப்படி தப்பு, கடன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அக்கா சொன்ன அந்த ரெண்டு ரேட்டும் இங்கதான் ஆரம்பிக்குது. வேணும்னா ரொக்கமா வாங்குறவங்களுக்கு எண்ணெய்ல ரெண்டு ரூபா, பருப்புல ரெண்டு ரூபா குறைச்சுக் குடுங்க, அத போர்டுல எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதிப் போட்டுருங்க.