புதுப்பிப்பு: அப்பாவின் இதய வால்வுத் தொற்று

அப்பாவை மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய் வால்வு அறுவை செய்யலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அங்கே இருக்கும் சித்தப்பா மூலம் எக்கோ (இதய ஸ்கேன்) வீடியோ, ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பினோம். பார்த்த டாக்டர் சிங்கப்பூர் பயணமே வேண்டாம் என்றுவிட்டார். வால்வில் ஒட்டியிருக்கும் கிருமிக்கட்டி 10 மில்லிமீட்டருக்கு மேல். துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எங்கே போனாலும் 4 முதல் 6 வாரம் ஊசி வழி ஆன்டிபயாட்டிக் ஏற்றித்தான் ஆக வேண்டுமாம்.

இப்போது தஞ்சாவூரில் சேர்த்திருக்கிறோம். குறுவைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அம்மா காய்ச்சலைக் குறித்துவருகிறார், இறங்கிவிட்டது. மூச்சிரைப்புதான் விடவில்லை. அதனால் அறுவைக்காக ஆம்புலன்சில் சென்னைக்கு மாற்றுகிறோம்.

உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசுக்கும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும். கிராமத்தில் இருந்துகொண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையைச் சமாளிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.